பண்டிகை மூன்று, அடுப்பு ஒன்று

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "கணவருக்கு ரப்பர் பால்வெட்டு. இரண்டு பிள்ளைகள். மாமி எங்களோடு இருக்கிறார். கணவர் வீடு கத்தோலிக்கம், நான் பிறந்தது இந்து வீடு. அதனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றும் எங்களுக்கு உண்டு. டிசம்பர் முதல் தேதி நட்சத்திரம் கட்டுவதில் தொடங்கினால் ஜனவரி பாதிவரை அடுப்படிதான். நாத்தனார் நெய்யாற்றின்கரையிலிருந்து குடும்பத்தோடு வருவார். எல்லாம் முடியும்போது கையில் காசும் இருப்பதில்லை, உடம்பில் தெம்பும் இருப்பதில்லை. யார் மனமும் கோணாமல் இதைக் குறைக்க வழி உண்டா? அச்சப்பம் வேறு அச்சில் ஒட்டிக்கொள்கிறது."

மக்களே, (எங்கள் ஊரில் இளையவர் ஒருவரே ஆனாலும் இப்படித்தான் கூப்பிடுவோம்) யார் மனமும் கோணாமல் முடியாது. இத்தனை ஆண்டும் உங்கள் மனம் கோணிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். இந்த ஆண்டு வேறு யாருக்காவது அரைக்கால் அளவு கோணட்டும்.

அருமனைப் பக்கத்தில் எங்கள் அன்பியத்து (பங்குக் கோயிலின் கீழ் வரும் சிறு வட்டாரக் குழு) பெண்கள் குழுவின் சேமிப்பு நோட்டைப் பதினெட்டு ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன். கடன் கேட்பவர்கள் காரணத்தை வாய்விட்டுச் சொல்வார்கள்: ஆஸ்பத்திரி, கல்லூரிக் கட்டணம், கிணற்று மோட்டார். ஜனவரி மாதக் கூட்டத்தில் கேட்பவர்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு "வீட்டுச் செலவு" என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் கிறிஸ்துமஸ் என்று எனக்கு விளங்கவே நான்கைந்து ஆண்டுகள் ஆயின. அதனால் பணத்திலிருந்து தொடங்குகிறேன்.

ரப்பர் மரம் நன்றாகப் பால் தருவது மழை ஓய்ந்து குளிர் இறங்கும் மாதங்களில், அக்டோபர் கடைசி தொட்டு ஜனவரி வரை. உங்கள் கணவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு இலை உதிரும். மாசி, பங்குனியில் புதுத்தளிர் வந்து முற்றும்வரை பால் குறைந்துவிடும். பல தோட்டங்களில் வெட்டையே நிறுத்திவைப்பார்கள். பிறகு ஆனி, ஆடி மழை. ஆக, டிசம்பரில் உங்கள் வீட்டுக்கு வரும் காசில் ஒரு பங்கு மாசிக்கும் பங்குனிக்கும் உரியது. கிறிஸ்துமஸ் அந்தக் காசு கையில் இருக்கும் நேரம் பார்த்து வருகிறது, அதுதான் சிக்கல். மாதச் சம்பளக்காரர் வீட்டில் பண்டிகைச் செலவு ஒரு மாதத்தைக் கடித்தால், பால்வெட்டுக்காரர் வீட்டில் அது மூன்று மாதம் தள்ளிக் கடிக்கும். அப்போது எதனால் வலிக்கிறது என்றே தெரியாது.

நவம்பர் கடைசி வாரத்திலேயே பங்குனி வரைக்குமான அரிசிப் பணத்தையும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தையும் எடுத்து அஞ்சலகத்திலோ குழுவிலோ போட்டுவிடுங்கள். மீதி என்ன இருக்கிறதோ அதுதான் பண்டிகைக்கு. முதலில் பட்டியல் எழுதிவிட்டுப் பணத்தைத் தேடுவது நம் வழக்கம். அதைத் திருப்பிப் போட வேண்டும். பண்டிகைச் சீட்டு கட்டலாமா என்று கேட்பீர்கள். நான் கட்டினேன், மாதம் 500 ரூபாய். நவம்பரில் பாத்திரமும் பலகாரச் சாமானும் தருவதாகப் பேச்சு. நவம்பரில் சீட்டுக்காரரே ஊரில் இல்லை. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்த சீட்டா என்று பார்க்காதது என் தவறு. பாறசாலைக்குப் போய்க் கேரளத்தின் கிறிஸ்துமஸ் பம்பர் டிக்கெட்டை வாங்கி எல்லாவற்றையும் சரிக்கட்டலாம் என்று நம்புகிற ஆண்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்தியது எதற்காக என்று அவரிடமே கேளுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடியும். பிறகு கிறிஸ்துமஸ். மார்கழித் திருவாதிரையையொட்டிச் சுசீந்திரத்தில் தேர். புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலி. ஜனவரி 14, புனித தேவசகாயம் 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். அதே கையோடு பொங்கல். ஆறு வாரத்தில் இத்தனை. இவற்றில் எதையும் விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது, எல்லாம் இந்த மண்ணோடு ஒட்டியவை. ஆனால் எல்லாவற்றுக்கும் வாணலி ஏற வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தேருக்குப் போனால் தேர் பார்த்து, கடலை வாங்கித் தின்றுவிட்டு வரலாம்.

திருச்சபையின் நாட்காட்டியைப் பாருங்கள்: கிறிஸ்துமஸ் காலம் 25-ஆம் தேதியோடு முடிவதில்லை. மூன்று ஞானிகளின் திருக்காட்சி விழாவைத் தாண்டி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. நாம்தான் பலகாரம், புதுத்துணி, விருந்து, நாத்தனார் எல்லாவற்றையும் ஒரே பகலுக்குள் திணிக்கிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறை எல்லைக்கு அந்தப்பக்கக் கேரளப் பிள்ளைகளுக்கும் உண்டு. நாத்தனாரை 25-க்கு அழைக்காமல் 28-க்கு அழையுங்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து இரண்டு மணிக்குப் படுத்து, ஐந்து மணிக்கு ஆப்பமாவைக் கலக்கி, பதினொரு மணிக்குப் பத்துப் பேருக்கு இலை போடுகிற பெண்ணுக்கு அன்று கிறிஸ்துமஸ் இல்லை, சமையல் வேலை. நாத்தனாருக்கும் அவர் மாமியார் வீட்டில் அதே வேலை இருக்கும். 28-க்கு என்றால் மூச்சு விடுவார் என்றே நினைக்கிறேன்.

இனி பலகாரம். எங்கள் தெருவில் ஒரு காலத்தில் ஏழு வகை எண்ணினேன்: அச்சப்பம், முந்திரிக்கொத்து, முறுக்கு, அதிரசம், நெய்யப்பம், ஏத்தங்காய் உப்பேரி, கேக். யாருக்காக? வீட்டில் யாரும் முறுக்குக்குமேல் தொடுவதில்லை. எல்லாம் அயல்வீட்டுக்கு அனுப்பும் தட்டுக்காக. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம், இந்துக்கள் 49 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. தெருவில் பார்த்தால் ஒன்றுவிட்டு ஒரு வீடு. தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து தட்டு வந்தது, கிறிஸ்துமஸுக்கு அது வெறும் தட்டாகத் திரும்பக் கூடாது. இதைக் குறைக்கச் சொன்னால் நான் இந்த ஊர்க்காரி இல்லை. தட்டு போகட்டும், ஒரு வீடு விடாமல் போகட்டும். தட்டில் இருக்கும் வகை ஏழிலிருந்து இரண்டாக இறங்கட்டும். முதல் ஆண்டு நானே கூச்சத்தோடுதான் அனுப்பினேன். எதிர்வீட்டு அக்கா அடுத்த தீபாவளிக்கு மூன்று வகையோடு நிறுத்திக்கொண்டார். அவரும் யாராவது முதலில் குறைக்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார்.

எந்த இரண்டு என்று கேட்டால், ஒன்று முந்திரிக்கொத்து. மற்றது உங்கள் விருப்பம். கடையில் வாங்கினாலும் குற்றமில்லை. முந்திரிக்கொத்தை நான் பிடித்துக்கொள்வதற்குச் சுவை மட்டும் காரணமில்லை. அது உட்கார்ந்து செய்கிற பலகாரம், பல கை சேர்ந்து செய்கிற பலகாரம். பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள். அது அதில் கிடையாது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. உருண்டைகள் இரண்டும் மூன்றுமாக ஒட்டித் திராட்சைக் கொத்துப்போல் வருவதால் அந்தப் பெயர். சிறுபயற்றை வறுத்து உடைத்துப் பொடிக்கிற வேலையை டிசம்பர் நடுவிலேயே முடித்துவிடலாம், காற்றுப் புகாத தூக்கில் பொடி கெடாது. தேங்காயைச் சிவக்க வறுத்து, எள், ஏலம் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் கிளறி இறக்கிவிட்டால் உருட்டும் வேலை. கைபொறுக்கும் சூட்டில் உருட்ட வேண்டும், ஆறிவிட்டால் உதிரும். அங்கேதான் வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் கூப்பிட வேண்டும்: பிள்ளைகள், மாமி, கணவர். கணவருக்கு உருட்டத் தெரியாது என்றால் நம்பாதீர்கள். விடியுமுன் எழுந்து முந்நூறு மரத்தில் பட்டை சீவுகிற கைக்கு ஒரு உருண்டை பிடிப்பது பெரிதா? கடைசியில் அரிசிமாவில் தோய்த்துப் பொரிப்பதை மட்டும் நீங்கள் செய்தால் போதும்.

அச்சப்பத்தைத்தான் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தி தனியாக நின்று, ஒவ்வொன்றாக முக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றி, இடுப்பு ஒடிகிற வேலை. என் அம்மா காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அச்சு கிடையாது. ஒரே அச்சு மூன்று வீட்டுக்குச் சுற்றும், அச்சோடு பெண்களும் சுற்றுவார்கள். ஒருத்தி மாவு கரைப்பாள், ஒருத்தி வாணலியில் நிற்பாள், ஒருத்தி கதை சொல்வாள். இப்போது ஆளுக்கொரு அச்சு வந்துவிட்டது, ஆளுக்கொரு இடுப்புவலியும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே நாள், ஒரே அடுப்பு, இரண்டு வீட்டுப் பலகாரம்.

கேக்கை நாத்தனாரிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்துப் பேக்கரிகளுக்கு அதில் பழைய பெருமை உண்டு, 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு சுட்டதிலிருந்து கணக்குச் சொல்வார்கள். நம் பாட்டிமார் கேக் இல்லாமலே கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள்.

2017-ஐப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. உங்கள் பக்கத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்தது நினைவிருக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடியில் கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. கடற்கரை ஊர்களில் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் களையிழந்து போனது. மலைப்பக்கத்து ஊரான எங்களுக்கும் நட்சத்திரம் கட்டக் கை வரவில்லை. பாடல் குழு வீடு வீடாகப் போகவில்லை, வேட்டு இல்லை, வண்ண விளக்கு இல்லை. திருப்பலி, காலையில் ஆப்பமும் கோழிக்கறியும், அயல்வீட்டுக்கு ஒரு தட்டு. அவ்வளவோடு நிறுத்தினோம். துக்கத்தை எடுத்துச் சிக்கனப் பாடம் நடத்துவது சரியில்லை, அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அடுத்த நவம்பரில் என் மகளிடம், "போன கிறிஸ்துமஸுக்கு எது இல்லாமல் வருத்தமாக இருந்தது?" என்று கேட்டேன். அவள் வேட்டைச் சொல்லவில்லை, துணியைச் சொல்லவில்லை. ராத்திரி பாட்டுக்காரர்கள் வராததைச் சொன்னாள். அதனால்தான் பாடல் குழு வருவதைக் குறைக்க எவர் பேசினாலும் எதிர்க்கிறேன். அவர்களுக்கு முப்பது தட்டுப் பலகாரம் வைப்பதைத்தான் குறைக்கச் சொல்கிறேன். கட்டன்சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) ஒரு சீப்பு மட்டி வாழைப்பழமும் போதும். மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இனி அதைக் குறைவான பண்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

கிறிஸ்துமஸ் குடிலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள், முழுவதுமாக. அசிசியின் பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சியோ ஊரில் முதன்முதலில் அமைத்தபோது அவரிடம் இருந்தது தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. நம்மிடம் வைக்கோலும் ஓலையும் இருக்கிறது, கழுதைக்கு மட்டும் பொம்மை வாங்கினால் சரி. டிசம்பர் 14 வாக்கில் ஒரு பழைய தட்டில் மண் நிரப்பிக் கேழ்வரகோ நெல்லோ விதைக்கச் சொல்லுங்கள். 24-ஆம் தேதிக்குள் குடில் முன்னால் பச்சை வயல் வந்துவிடும். கோணலாக இருக்கும், ஆடு இடையரைவிடப் பெரிதாக இருக்கும், மாமி திருத்தப் போவார். தடுத்துவிடுங்கள்.

துணியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மூன்று பண்டிகைக்கும் ஒரே புதுத்துணி. கிறிஸ்துமஸுக்குக் கட்டியதைத் துவைத்துத் தேய்த்தால் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் புதிதுதான். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் மார்த்தாண்டம் கடைத்தெருவில் இறங்காதீர்கள், அன்று காசு கைக்கு வெளியே ஓடும். 25-ஆம் தேதி இறைச்சி வாங்குவது, கழுவுவது, வெட்டுவது, அடுப்பில் ஏற்றுவது கணவர் வேலை. மதியம் சோறு, கறி, ஒரு அவியல். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

மாமியிடம் எப்படிச் சொல்வது? இதுதான் உங்கள் கேள்வியின் கடினமான இடம். "எளிமையாகக் கொண்டாடுவோம்" என்ற சொல்லை மட்டும் அவரிடம் பயன்படுத்தாதீர்கள். அவர் தலைமுறைக்கு அந்தச் சொல் இல்லாமையாகத்தான் காதில் விழும். வேறு வீட்டு முற்றத்தில் நின்று பலகாரத் தட்டைப் பார்த்த காலம் அவருக்கு இருந்திருக்கலாம். இன்று தன் வீட்டிலிருந்து ஏழு வகை போகிறது என்பது அவருக்குக் காசுக் கணக்கு அல்ல, தலைநிமிர்வு. அதைப் படித்த மருமகள் ஒருத்தி வந்து வீண்செலவு என்றால் சுருக்கென்று குத்தும். என் மாமியிடம் நான் அந்தத் தவறைச் செய்தேன். இரண்டு கிறிஸ்துமஸ் பேச்சில்லாமல் போயிற்று.

பிறகு ஒரு நாள் பயறு புடைத்துக்கொண்டிருக்கும்போது, "மாமி, உங்கள் சிறுவயதில் கிறிஸ்துமஸ் காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். ஆப்பம், கருப்பட்டிக் காப்பி, வளர்த்த கோழி ஒன்று, அதுவும் பதினொரு பேருக்கு. சொல்லும்போது அவர் முகம் மாறியது. அந்த ஆண்டு காலைச் சாப்பாட்டை அவர் சொன்னபடியே வைத்தோம். மாவு கரைத்தது அவர், கள் இல்லாமல் தேங்காய்த் தண்ணீரில் புளிக்க வைத்ததும் அவர். தட்டில் எத்தனை வகை என்று அவர் கேட்கவே இல்லை. உங்கள் மாமியும் அப்படியே என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் குறைக்கும் பொறுப்பை அவர் கையில் கொடுங்கள், எந்த இரண்டு வகை என்று அவரே முடிவு செய்யட்டும். முடிவு உங்களுடையதாக இருந்தால் அது குறை. அவருடையதாக இருந்தால் அது வழக்கம்.

புத்தாண்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மிச்சமிருக்கும் முந்திரிக்கொத்து போதும்.

பொங்கலைக் கடைசியில் வைத்திருக்கிறேன், அது உங்களுடையது என்பதால். மூன்று பண்டிகையில் களைத்துப்போய்ப் பெண்கள் முதலில் விட்டுக்கொடுப்பது தங்கள் பிறந்த வீட்டுப் பண்டிகையைத்தான். விட்டுக்கொடுக்காதீர்கள். அதில் குறைக்கவும் எதுவும் இல்லை: ஒரு பானை, பச்சரிசி, சர்க்கரை, ஒரு கரும்பு, முற்றத்தில் மூன்று கல். அரைமணி நேர வேலை. கேரளத்திலும் தமிழ்நாட்டை ஒட்டிய ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், திருவனந்தபுரமும் அதில் ஒன்று. நாத்தனார் பிள்ளைகளுக்கு ஆசையிருந்தால் அன்றும் வரட்டும். வந்தால் பானைக்கு விறகு தள்ளச் சொல்லுங்கள்.

அச்சப்பம் ஒட்டுவதற்கு வருகிறேன். அச்சு புதிதென்றால் ஒரு நாள் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவித் துடைத்து, பிறகு ஓர் இரவு எண்ணெயில் போட்டு வையுங்கள். பொரிக்கிற நாளில் எண்ணெய் காயும்போதே அச்சும் அதற்குள் கிடந்து காய வேண்டும். ஆறின அச்சில் மாவு பிடிக்காது, பிடித்தாலும் கழலாது. மாவில் தேங்காய்ப்பால் அதிகமாகி நீர்த்துப் போயிருந்தாலும் இதே தொல்லைதான், ஒரு கைப்பிடி அரிசிமாவு தூவிக் கலக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அச்சை முக்கால் உயரத்துக்குமேல் மாவில் முக்காதீர்கள். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் எந்தக் கை தட்டினாலும் அது இறங்காது.